டர்பனில் நம்ம பிள்ளைகளுக்கு ஸ்கௌட் படை இருந்ததா?

2 மார்ச் 2024, வாசகர் கேள்வி

தென்னாப்பிரிக்காவில் சாரணர் இயக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது, தமிழர் பக்கம் அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். டர்பன் ஆட்கள் யாராவது சொல்லுங்களேன், நிஜமா?

2 மார்ச், இரவு

நிஜமில்லை. நானே இருந்தேன். 1966இல், பதினோரு வயதில், டர்பனின் கிளேர்வுட்டில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம். இருபத்துநாலு பையன்கள், மூன்று பேட்ரோல் (சின்னக் குழு). நான் கிங்ஃபிஷர் பேட்ரோல். காக்கிச் சட்டை, பச்சை ஸ்கார்ஃப், அது நழுவாமலிருக்க ஒரு தோல் வளையம். அகலத் தொப்பி எல்லாருக்கும் கிடையாது. அண்ணன் போட்டுக் கழித்ததைத் தம்பி போடுவான், அண்ணன் இல்லாதவன் வெறுந்தலையோடு நிற்பான். எனக்கு அக்காதான். வெறுந்தலை.

3 மார்ச்

ராத்திரி எழுதினதில் முக்கியமானது விட்டுப்போச்சு. படை இருந்தது, ஆனால் ஒரே படை இல்லை. 1936இல் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் இங்கே வந்தபோது இயக்கம் நாலாகப் பிரிந்து நிற்பது என்று ஏற்பாடாயிற்று. வெள்ளையருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. ஆப்பிரிக்கப் பையன்களை ஸ்கௌட் என்றே சொல்லாமல் அதுவரை பாத்ஃபைண்டர் என்று வைத்திருந்தார்கள். ஒரே சட்டை, ஒரே உறுதிமொழி, ஒரே விதிகள். நாலாவது விதி என்ன சொல்கிறது? சாரணன் எல்லாருக்கும் நண்பன், மற்ற ஒவ்வொரு சாரணனுக்கும் சகோதரன். அதை நாலு இடத்தில் தனித்தனியாக நின்று சொன்னோம்.

1977 ஜூலையில்தான் நாலும் ஒன்றாச்சு. அப்போது எனக்கு 22 வயது.

3 மார்ச், கொஞ்சம் தள்ளி

ஒரு முகாம் இடம் இருந்தது. பெயர் வேண்டாம். மலைச்சரிவு, ஓடை, கொடிக்கம்பம், மழைக்கு ஒதுங்கக் கூரை, எல்லாம் உண்டு. ஒருதரம் நடைப்பயணம் போனபோது அதன் கேட் வரை போனோம். உள்ளே எங்கள் வயசுப் பையன்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் எங்களைப் பார்த்து இடது கையை நீட்டினான், ஸ்கௌட் கைகுலுக்கல் இடது கையால்தானே. எங்கள் பேட்ரோல் லீடர் கம்பிக்கு இடையில் கையை விட்டுக் குலுக்கினான். உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் கூப்பிட, அந்தப் பையன் போய்விட்டான். திட்டவில்லை, துரத்தவில்லை. கேட் மட்டும் திறக்கவில்லை. அந்தக் கம்பி என் மனசில் இன்னும் இருக்கிறது.

6 மார்ச்

முடிச்சு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தாத்தா கதை.

தாத்தா வலைக்காரர். டர்பன் வளைகுடாவில் கரைவலை போட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முதலில் சாலிஸ்பரி தீவில் இருந்தார்கள், அங்கிருந்து ஃபின்லேண்ட்ஸுக்கு விரட்டப்பட்டார்கள், அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தது. ஜூன், ஜூலையில் தெற்கேயிருந்து சார்டின் மீன் கூட்டம் கரையோரமாக வரும். அந்த மாதங்களில் தாத்தா வீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை.

டெண்டர்ஃபூட் என்ற முதல் தேர்வுக்கு ஆறு முடிச்சு போட்டுக் காட்ட வேண்டும். அதில் ஷீட் பெண்ட் என்று ஒன்று: தடிமன் வேறான இரண்டு கயிறுகளை இணைப்பதற்கு. எனக்கு அது மட்டும் வரவே இல்லை. வெராந்தாவில் உட்கார்ந்து போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கா சனிக்கிழமை சனிக்கிழமை போறே?"

"ஆமா தாத்தா. ஷீட் பெண்ட்."

"டேய், இது வலை முடிச்சுடா."

வலையை என் மடியில் போட்டார். ஒவ்வொரு கண்ணியின் மூலையிலும் அதே முடிச்சு. ஆயிரக்கணக்கில். நான் பிறந்ததிலிருந்து அதன்மேல் புரண்டு விளையாடியிருக்கிறேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு நாலு போட்டுக் காட்டினார்.

மாஸ்டரிடம் சொன்னேன். (எங்கள் ஸ்கௌட்மாஸ்டர் பகலில் பள்ளிக்கூட வாத்தியார், சாயங்காலம் தமிழ் வகுப்பு வாத்தியார், நாங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாஸ்டர் என்போம்.) அடுத்த சனிக்கிழமையே தாத்தாவை வரச்சொல்லி முடிச்சுத் தேர்வை அவர் கையில் கொடுத்துவிட்டார். தாத்தா கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். எட்டுப் பேரில் ஆறு பேரை ஃபெயிலாக்கினார். வால் குட்டையாக விட்டிருக்கிறீர்கள், மீன் இழுத்தால் அவிழும் என்றார். மீன் எங்கே தாத்தா என்று ஒருத்தன் கேட்டான். "வரும்" என்றார்.

பாஸான இருவரில் நானில்லை.

7 மார்ச்

தாத்தா கேட்ட இன்னொரு கேள்வியும் நினைவுக்கு வருகிறது. உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை என்று வரும். வீட்டில் மனப்பாடம் செய்தபோது தமிழில் சொல்லிக் காட்டினேன். "எந்த நாடுடா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. நூறு வருஷம் கழித்து 1961இல்தான் அரசாங்கம் நம்மை இந்த நாட்டின் நிரந்தரக் குடிகளாக ஒப்புக்கொண்டது. அதுவரை என்றைக்காவது இந்தியாவுக்கே திரும்பிப் போகிறவர்கள் என்ற கணக்குதான். எல்லாரோடும் சமமான ஓட்டுரிமை 1994இல். பதினோரு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது, "நேட்டால், தாத்தா" என்று எங்கள் மாகாணத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார்.

11 மார்ச்

முகாம் எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1967 அக்டோபர், பள்ளி விடுமுறை. வெருலத்துக்கு வெளியே ஒரு கரும்புத் தோட்டத்து ஓரம். மாஸ்டருக்குத் தெரிந்தவர் நிலம். லாரியின் பின்னால் ஏறிப் போனோம். கூடாரம் மூன்று, நாலாவதற்குத் தார்ப்பாய். முதல் ராத்திரி டின் மீன் குழம்பும் மீலி (மக்காச்சோள) மாவுப் புட்டும். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள். கறுப்புக் கரித்துகள் மழைபோல இறங்கி, சட்டை, தலை, குழம்பு எல்லாவற்றிலும். அந்த மணம், இனிப்பும் புகையுமாக, இப்போதும் எங்கேயாவது சர்க்கரை கருகினால் எனக்கு அந்த ராத்திரிதான்.

தீ மூட்டி உட்கார்ந்ததும் மாஸ்டர் கதை சொல்வார். எல்லாப் படையிலும் சொல்கிற மாஃபெகிங் கதைதான். ஆங்கிலேயரோடு போரிட்ட போயர்கள் (டச்சு வழி வெள்ளையர்) அந்த ஊரை 217 நாள் சுற்றி வளைத்திருந்தார்கள். உள்ளே காவல் காக்க ஆள் பற்றாமல் சின்னப் பையன்களை வைத்து ஒரு கேடட் படை, செய்தி கொண்டுபோக. தலைவன் வார்னர் குட்இயர், வயது 13. முதலில் கழுதையில் போனார்கள், பிறகு சைக்கிளில். அந்தப் பையன்களைப் பார்த்த நினைப்பு, ஊர்க் காவலுக்குத் தலைமை தாங்கிய பேடன்-பவலுக்குள் தங்கி, பின்னாளில் இந்த இயக்கத்துக்கு ஒரு வித்தானது.

ஆனால் எங்கள் மாஸ்டர் அதோடு நிறுத்தவில்லை. அதே போரில் லேடிஸ்மித்தும் முற்றுகையில் இருந்தது, 118 நாள். அங்கே பர்பு சிங் என்ற ஒப்பந்தக் கூலி. எதிரியின் பெரிய பீரங்கியில் தீப்பொறி தெரிந்தவுடன் மணியடித்து ஊரை எச்சரிக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. மரத்து மேலே உட்கார்ந்து, குண்டு எங்கே விழுமோ தெரியாமல், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டேயிருந்து அடித்தார். காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 இந்தியர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள், அதில் நம்ம தமிழாட்கள் எத்தனையோ பேர். "சாரணன்னா யாரு? முழிச்சிருக்கிறவன்" என்பார் மாஸ்டர். எனக்குக் குட்இயரும் பர்பு சிங்கும் அன்றைக்கே ஒரே படையில் சேர்ந்துவிட்டார்கள்.

12 மார்ச்

பாபா வந்ததை நேற்று எழுதாமல் தூங்கிவிட்டேன். அதுதான் அந்த முகாமே.

தீயைச் சுற்றி ஆடுகிற ஒரு பாட்டு உண்டு. உலகம் முழுக்க ஸ்கௌட் பிள்ளைகள் பாடுவார்கள். தலைவன் "ஈன் கொன்யாமா, கொன்யாமா" என்று எடுப்பான், மற்றவர்கள் "இன்வூபூ! யாபோ! யாபோ! இன்வூபூ!" என்று கத்த வேண்டும். அர்த்தம் யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஏதோ இங்கிலாந்துப் பாட்டு.

தோட்டத்துக் காவல்காரர் ஒரு வயசான ஜூலூக்காரர். பகலில் தண்ணீர்க் குழாயைக் காட்டியிருந்தார், நாங்கள் பாபா என்று கூப்பிட்டோம். பாட்டைக் கேட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இது எங்கள் பாட்டு, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ஜூலூவில் கேட்டார்.

இங்கோன்யாமா என்றால் சிங்கம். எங்கள் ராஜாவையும் அப்படித்தான் சொல்வோம். இம்வூபு என்றால் நீர்யானை. யாபோ இல்லை, யெபோ, ஆமாம் என்று அர்த்தம். அவன் சிங்கம், ஆமாம், அதற்கும் மேல், அவன் நீர்யானை! நாங்கள் தினமும் கடையில், பஸ்ஸில் "யெபோ பாபா, யெபோ" என்று பேசுகிற பிள்ளைகள். அதே சொல்லைப் பாட்டில் அடையாளம் தெரியாமல் ஒரு வருஷமாகக் கத்தியிருக்கிறோம்.

அவர் பாடிக் காட்டினார். நாங்கள் பாடின வேகத்தில் பாதி. மெதுவாக, அடித்தொண்டையில், ஒரு காலைத் தூக்கி மண்ணில் வைத்தார். சத்தமே இல்லாமல்தான் வைத்தார், ஆனால் எனக்கு உள்ளங்கால் வரை இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் படை அந்தப் பாட்டை அவர் பாடின மாதிரிதான் பாடியது.

மாஸ்டர் கழுத்தில் தோல் வாரில் கோத்த இரண்டு மரமணி இருக்கும், ஸ்கௌட்மாஸ்டர் பயிற்சி முடித்தவர்களுக்குத் தருவது. பாபா குனிந்து அதைத் தொட்டு ஒரு சொல் சொன்னார். "இசிக்கு" என்பதற்கும் "இசிட்டு" என்பதற்கும் நடுவில், நாக்கை அண்ணத்திலிருந்து பிடுங்குகிற சத்தத்தோடு. போரில் வீரம் காட்டினவனுக்குத்தான் இது, உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். மாஸ்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

15 மார்ச்

அந்த மணிகளின் கதையை நான் வளர்ந்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். 1888இல் ஜூலூ நாட்டில் தினுசூலு ராஜாவின்மேல் ஆங்கிலேயப் படை போனது. பேடன்-பவல் அதில் ஒரு இளம் அதிகாரி. அங்கிருந்துதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரமணி கோத்த நீண்ட மாலை ஒன்று அவர் கைக்கு வந்தது. அந்தப் பாட்டையும் அதே வருஷம்தான், ஆங்கிலேயரோடு சேர்ந்து வந்த ஜான் டன் என்பவரின் ஜூலூ ஆட்கள் பாடக் கேட்டார். தினுசூலுவைச் செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேற்றினார்கள். 1919இல் லண்டன் பக்கத்தில் கில்வெல்லில் முதல் பயிற்சி முடித்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது, அந்த மாலையிலிருந்து எடுத்து ஆளுக்கு இரண்டு மணி. இன்றைக்கு உலகம் முழுக்கத் தருவது அதன் நகல்.

எங்கள் நேட்டால் மண்ணில் எடுத்தது, இங்கிலாந்து சுற்றி, ஒரு தமிழ் வாத்தியார் கழுத்தில் ஏறி, வெருலத்துக் கரும்புத் தோட்டத்தில் ஒரு ஜூலூக் கிழவர் விரலுக்கு வந்து சேர்ந்தது.

16 மார்ச்

ஒருவர் கேட்டிருக்கிறார், பேடன்-பவலுக்கு ஆப்பிரிக்கர்கள் வைத்த பெயர் "இம்பீசா, தூங்காத ஓநாய்" தானே என்று. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் இங்கே ஓநாயே கிடையாது. இம்பிசி என்றால் கழுதைப்புலி. ராத்திரியில் உலாவுகிற பிராணி என்பது சரிதான், ஓநாய் என்பது ஆங்கிலேயர் காதுக்காக மாற்றினது. குட்டிப் பிள்ளைகளின் கப்ஸ் படையிலும் எல்லாம் ஓநாய்க்குட்டி. கிளேர்வுட் பிள்ளைகளில் ஒருத்தனும் ஓநாயைக் கண்டதில்லை, என்றாலும் ஊளையிடுவதில் குறை வைக்கவில்லை.

16 மார்ச், மத்தியானம்

மதராஸ் பக்கம் எப்படி என்று கேட்டவருக்கு: அங்கேயும் முதலில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால்தான் 1916இல் அன்னி பெசண்ட் அம்மையார் மதராஸில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1921இல் பேடன்-பவல் இந்தியா போனபோதுதான் இணைப்பு வந்தது. எங்களுக்கு அந்த இணைப்பு வர இன்னும் 56 வருஷம்.

20 மார்ச்

அக்கா போன் செய்தாள். இதையெல்லாம் பேத்தி வாசித்துக் காட்டினாளாம். எடுத்தவுடனே, "டேய், அக்டோபர் முகாம்ல டின் மீனா? அது புரட்டாசிடா!"

சரிதான். நம்ம வீடுகளில் புரட்டாசி விரதம் எவ்வளவு கெட்டி என்று டர்பன்காரர்களுக்குத் தெரியும். மாதம் முழுக்கக் கறியும் கிடையாது மீனும் கிடையாது. இருபத்துநாலு பேரில் முக்கால்வாசி விரதம், மிச்சப்பேரும் நம்மகூடவே சாப்பிட்டான்கள். அன்றைக்கு வெந்தது சுகர் பீன்ஸ் குழம்பு. அக்காவே உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கி ஊறப்போட்டுக் கொடுத்தாளாம். டின் மீன் அதற்கு அடுத்த வருஷ முகாம். கரித்துகள் விழுந்தது பீன்ஸில்தான்.

அக்காவுக்கு ஒரு வருத்தம் உண்டு. அவளும் பெண்பிள்ளைகளுக்கான கைட்ஸில் சேரக் கேட்டாள், அப்பா விடவில்லை. முடிச்செல்லாம் என் புத்தகத்தைப் பார்த்தே போட்டுப் பழகினாள். தாத்தா தேர்வு வைத்திருந்தால் அவள் பாஸாகியிருப்பாள்.

20 மார்ச், ராத்திரி

அக்கா இன்னொன்றும் கேட்டாள். போனை வைத்த பிறகும் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

"அந்தப் பாபாவுக்கு டீ எதில குடுத்தீங்க?"

கிளேர்வுட்டில் பல வீடுகளில், எங்கள் வீட்டிலும், வெளிக்குழாய்க்குக் கீழே ஒரு எனாமல் மக் இருக்கும். நீல விளிம்பு. தோட்ட வேலைக்கு, சலவைக்கு வருகிற ஆப்பிரிக்கர்களுக்கு டீ அதில்தான். உள்ளே வராது, மற்ற பாத்திரத்தோடு சேராது. அம்மா கெட்டவளில்லை. டீயோடு கூட ரொட்டியும் வைப்பாள், நிறைய வைப்பாள். ஆனால் மக் வேறே. முகாமுக்குப் பாத்திரம் கட்டும்போது அம்மா அதையும் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்தாள், யாராவது வேலைக்காரர் வந்தால் ஆகும் என்று. அக்காவுக்கு அது நினைவிருக்கிறது. எனக்கும் இப்போது நினைவு வந்துவிட்டது.

அந்த ராத்திரி நான்தான் டீ ஊற்றினேன். துணியைப் பிரித்து அந்த மக்கை எடுத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகப் போயிற்று. பாபா எங்களுக்குப் பாட்டைத் திருத்திக் கொடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மேலே 3ஆம் தேதி அந்தக் கேட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. இதையும் அதற்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

24 மார்ச்

பழைய பேட்ரோல் லீடரைத் தேடிப் பிடித்துப் பேசினேன், கம்பிக்கு நடுவில் கை குலுக்கினவன். அவனும் இப்போது தாத்தா. மக் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "நீ பாக்கலையா?" என்றான். நான் ஊற்றி வைத்துவிட்டு விறகுக்குப் போயிருந்தேனாம். மாஸ்டர் நீல மக்கைத் தான் எடுத்துக்கொண்டு தன் தம்ளரைப் பாபா கையில் கொடுத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

நான் பார்க்கவில்லை. முழித்திருக்க வேண்டியவன்.

வீட்டில் அந்த மக் 1969 வரை வெளிக்குழாயடியில்தான் இருந்தது. அந்த வருஷம் சாட்ஸ்வொர்த்துக்கு மாறினோம். அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று அக்காவுக்கும் தெரியாது.

2 ஏப்ரல்

படை என்னாச்சு என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்கணும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டம்தான். கிளேர்வுட்டைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கிவிட்டு நம்மை வாழைத்தோட்டங்களை அழித்துக் கட்டின சாட்ஸ்வொர்த் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரே தெருப் பையன்கள் வேறு வேறு யூனிட்டில் (குடியிருப்புப் பகுதியில்) போய் விழுந்தோம். இரண்டு பஸ் மாறிச் சனிக்கிழமை வந்துபார்த்தோம். இருபத்துநாலு பதினஞ்சாச்சு, பதினஞ்சு ஒன்பதாச்சு. மாஸ்டர் ஒன்பது பேருக்கும் கொடி ஏற்றினார். 1971இல் மண்டபத்தைப் பூட்டினோம்.

சாட்ஸ்வொர்த்தில் வேறு படை வந்தது, அதில் நான் உதவி மாஸ்டர் ஆனேன். பாப்-அ-ஜாப் வாரத்தில் (வேலைக்கு ஒரு பாப், அதாவது ஒரு ஷில்லிங்) வீடு வீடாகப் போய், வெள்ளிக்கிழமை விளக்கு தேய்ப்பது, மசாலா அரைப்பது, வெராந்தாவுக்குச் சன்பீம் பாலிஷ் போடுவது. ஷில்லிங் 1961லேயே போய் ராண்ட் வந்துவிட்டது, பத்து சென்ட்தான் வாங்குவோம், பெயர் மட்டும் பாப். 1977க்குப் பிறகு முதல் கூட்டு முகாமில் தீயைச் சுற்றி அந்தப் பாட்டு வந்தது. எல்லாரும் வேகமாக, யாபோ யாபோ என்று. உம்லாசியிலிருந்து வந்த ஒரு ஜூலூப் பையன் பாடாமல் என்னைப் பார்த்தான். நான் பாபா பாடின மாதிரி எடுத்தேன். அவன் காலைத் தூக்கி வைத்தான்.

19 ஜூன்

இழை ஓய்ந்துபோச்சு என்று நினைத்தேன், நேற்று ஒருவர் ஷீட் பெண்ட் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். தடித்த கயிற்றைக் காது மாதிரி மடக்கிப் பிடியுங்கள். மெல்லிய கயிற்றைக் கீழேயிருந்து காதுக்குள் விட்டு, காதின் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, தன் அடியிலேயே செருகி இழுங்கள். இரண்டு வாலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். நாலு விரல் நீளமாவது விடுங்கள்.

23 ஜூன்

சார்டின் ஸ்காட்பரோ பக்கம் வந்துவிட்டதாம். அக்கா மகன் பக்கி (சின்ன டிரக்) எடுத்துக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு வருகிறான், அக்காவும் வருகிறாளாம். தாத்தாவின் கயிறு என்னிடம் இருக்கிறது.